பலகை காலி

துணி தண்ணீரில் விழும் முன் அதன் பையைத் துழாவிப் பார்ப்பது அவள் வேலை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த அந்த லாண்டரியில் மெஷினுக்கு ஒருத்தி, தேய்ப்புக்கு நாலு பேர், தையலுக்கு ஒருத்தி என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இவளுக்குப் பை. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்களுக்கு, ஒரு டாக்டரின் கோட்டில் மறந்துபோன ஒற்றைப் பேனா நாற்பது போர்வைகளை நீலமாக்கிய கதையை மேஸ்திரியம்மா சொல்லுவாள். கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மாத்திரை, சாவி, பொய்ப்பல், பெண்டாட்டி கண்ணில் படக் கூடாத சீட்டு என்று இவள் கைக்கு வராத சாமான் கிடையாது. பையை வெளியே இழுத்து உதறினால் மட்டும் போதாது. பையில் ஓட்டை இருந்தால் சாமான் உள்துணிக்குள் இறங்கி, கோட்டின் அடி ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நெருடிக்கொண்டே வர வேண்டும். பதினொரு வருஷமாக நெருடியதில் அவள் விரல்களுக்குத் தனியாகக் கண் முளைத்திருந்தது.

அன்று காலை வந்த மூட்டையில் தீயணைப்புக் கோட்டுகள் இருந்தன. மறுநாள் அவள் புருஷனுக்கு முதல் வருஷ நினைவுக் கூட்டம். எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று தீயணைப்புக் குழுத் தலைவர் சொல்லிவிட்டதால் ஒன்று பாக்கியில்லாமல் சலவைக்கு வந்துவிட்டது. மாமனாருடையதை மட்டும் இவளே வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். ஒரு வருஷமாகக் கதவுக்குப் பின்னால் புகை நாற்றத்தோடு தொங்கிக்கொண்டிருந்த கோட்டு அது. யாரையும் தொடவிடமாட்டார். அன்றுதான், தானே இரண்டு பையிலும் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, கொண்டு போ" என்று கொடுத்தார்.

பெரியவரே பார்த்துவிட்டார் என்று இவள் விட்டிருக்கலாம். விரல் கேட்கவில்லை. வலது பக்க ஓரத்தை நெருடி வந்தபோது வட்டமாக, தட்டையாக ஏதோ தட்டுப்பட்டது. பைக்குள் கையை விட்டாள். அடி மூலையில் தையல் விட்டு, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கீழேயிருந்து அந்த வட்டத்தைத் தள்ளித் தள்ளி மேலே ஏற்றி, ஓட்டை வழியாக வெளியே எடுத்தாள். கரி படிந்த பித்தளை வில்லை. பெருவிரலால் தேய்த்தாள். பதினேழு என்று தெரிந்தது.

பதினேழு அவள் புருஷனுடைய நம்பர்.

இந்த வில்லை விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஊரில் சம்பளத்துக்குத் தீயணைக்கிறவர்கள் யாரும் இல்லை. நகரத்திலிருந்து வண்டி வந்துசேர ஒரு மணி நேரம் ஆகும். வந்தால் சாம்பலைத்தான் நனைக்கலாம். அதனால் ஊர்க்காரர்களே ஒரு பழைய வண்டியையும் ஒரு கூடத்தையும் வைத்துக்கொண்டு, சங்கு ஊதினால் கையிலிருக்கும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவார்கள். மருந்துக்கடைக்காரர் தலைவர். இவள் புருஷன் குழாய் வேலை செய்கிறவர். குழாய்க்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். இவள் தம்பி டயர் கடை வைத்திருந்தான். அவனுக்கு ஊர் வைத்த பேர் மறதி. ஒரு காருக்கு மூன்று சக்கரத்தை மாட்டிவிட்டு நாலாவதை மாட்டாமல் டீ குடிக்கப் போனவன் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பொய்யில்லை, போனான்.

ஆளுக்கு ஒரு வில்லை. எரிகிற கட்டடத்துக்குள் போகும் முன் வாசலில் பலகையோடு நிற்கிறவரிடம் அதைக் கொடுத்து நம்பரைச் சொல்ல வேண்டும். அவர் "வாங்கிட்டேன்" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லி, ஆணியில் மாட்டுவார். வெளியே வந்ததும் அவனவனே தன் வில்லையைக் கழற்றிக்கொண்டு "எடுத்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். பலகை காலியானால் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒரே ஒரு வில்லை தொங்கினாலும் பலகைக்காரர் இடத்தைவிட்டு நகரக் கூடாது. இவள் மாமனார் முப்பது வருஷம் புகைக்குள் போய் வந்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட பிறகு, அவர் கையில் பலகையைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் பேரே பலகைக்காரர் ஆகிவிட்டது.

மறதி வெளியே வந்ததும் நேராகத் தண்ணீர்க் குடத்துக்குப் போய்விடுவான், வில்லையை எடுக்கமாட்டான். பலகையில் ஒற்றை வில்லை தொங்கும். பலகைக்காரர் அதைக் கழற்றி, "இந்தாடா மறதி" என்று அவன் முதுகில் விட்டெறிவார். கூட்டமே சிரிக்கும். சிரித்துச் சிரித்து அதுவே வழக்கமாகிப்போயிற்று.

போன வருஷம் ஒரு நண்பகலில் மெத்தைக் கிடங்கு பற்றிக்கொண்டது. பஞ்சும் நுரைமெத்தையும் எரிந்த புகையில் பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியவில்லை. எட்டுப் பேர் உள்ளே போனார்கள். கூரை முறியத் தொடங்கியதும் தலைவர், "பலகை எப்படி?" என்று கத்திக் கேட்டார். பலகைக்காரர் "காலி" என்றார். எல்லோரும் விலகி நின்று வெளியிலிருந்து தண்ணீர் அடித்தார்கள். கால் மணி நேரம் கழித்துத்தான் ஒருவன், "குழாய்க்காரர் எங்கே?" என்று கேட்டான்.

அவர் உடம்பு கதவிலிருந்து உள்ளே பத்து அடி தள்ளிக் கிடந்தது. விசாரிக்க வந்த அதிகாரி, பலகை காலியாக இருந்ததால் வில்லையைக் கொடுக்காமல் இரண்டாம் தரம் தனியாக உள்ளே போயிருக்கிறார் என்று எழுதிவிட்டுப் போனார். வில்லை நெருப்பில் உருகியிருக்கும் என்றார்கள். இவள் அதை நம்பினாள். நம்பியதால் செத்தவர்மேல் கோபம் வந்தது. தப்பி வெளியே வந்தவர், யாரிடமும் சொல்லாமல் மறுபடி உள்ளே போயிருக்கிறார். போகும்போது பெண்டாட்டி நினைப்பும் பிள்ளை நினைப்பும் வரவில்லை. அந்தக் கோபத்தில் அவருடைய குழாய்ச் சாவிகளை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாள். படத்தைத் துடைப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். ஒரு வருஷம் அவளை நிற்க வைத்திருந்தது அந்தக் கோபம்தான்.

இப்போது வில்லை கையில் இருக்கிறது. வில்லையைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அப்படியென்றால் அது பலகையில் தொங்காமல் மாமனார் கோட்டுக்குள் எப்படி வந்தது?

"என்னடி, கோட்டைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கற?" என்று மேஸ்திரியம்மா குரல் கேட்டது. இவள் திடுக்கிட்டு வில்லையை ஓட்டை வழியாகவே திரும்ப உள்ளே போட்டுவிட்டாள்.

"அரை மணி நேரம் வெளிய போயிட்டு வந்துடறேன்க்கா. தம்பியைப் பாக்கணும்."

"போயிட்டு வா. நாளைக்குக் கூட்டம், மனசு சரியிருக்காது. இதையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

டயர் கடையில் மறதி ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு டயர்மேல் பாதி தின்ற ரொட்டியும் உரித்த முட்டையும் ஈ மொய்த்துக் கிடந்தன. தின்ன ஆரம்பித்ததை மறந்திருப்பான். இவள் அவன் காலைத் தட்டினாள்.

"யாரு? அக்காவா? என்ன இந்த நேரத்துல?" நெளிந்து வெளியே வந்தான். மூக்கில் கிரீஸ்.

"ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. மெத்தைக் கிடங்குல வெளிய வந்தப்ப உன் வில்லையை எடுத்தியா?"

அவன் முகம் சுருங்கியது. "இப்ப எதுக்குக்கா அது?"

"எடுத்தியா, இல்லையா?"

"எடுத்தேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா? நீ எதைத்தான் ஞாபகம் வச்சிருக்க?"

"எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்க்கா. முந்தின ஞாயித்துக்கிழமை பயிற்சியில அத்தான் என்னை எல்லார் முன்னாடியும் பிடிச்சு வாங்கினாரு. 'உனக்கு விளையாட்டா இருக்கு. எங்கப்பா உனக்கு வேலைக்காரனா, வில்லை பொறுக்கிக் கொடுக்க? அடுத்த தடவை எடுக்காம வா, உன்னை வண்டியிலயே ஏத்த மாட்டேன்'னாரு. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அதனாலதான் அன்னைக்கு வெளிய வந்ததும் முதல் வேலையா இருபத்திரண்டைத் தடவிப் பாத்து எடுத்தேன். எடுத்துட்டேன்னு கத்தினேன். அந்த இரைச்சல்ல யார் காதுல விழுந்துச்சோ."

"உன் வில்லை இப்ப எங்க?"

அவன் சுவரில் ட்யூப்கள் தொங்கிய ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இருபத்திரண்டு என்று பளபளத்தது. அதற்குப் பிறகு அவன் எந்தத் தீக்கும் போகவில்லை.

"இதை எடுத்தேன்னு யார்கிட்டயாவது சொன்னியா?"

"என்னன்னு சொல்றது? அத்தான் போயிட்டாரு, ஆனா நான் இன்னைக்கு மறக்காம வில்லையை எடுத்துட்டேன்னு பீத்திக்கறதா?"

இவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோட்டு ஓரத்தில் கண்டதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் மெல்ல டயர்மேல் உட்கார்ந்தான், ரொட்டியின் மேலேயே. கவனிக்கவில்லை.

"அப்ப பலகையில ஒரு வில்லை தொங்கியிருக்கு," என்றான்.

"ஆமா."

"என்னோடதுன்னு நெனச்சு மாமா கழட்டியிருக்காரு."

"ஆமா. உன் முதுகில எறிய நீ பக்கத்துல இல்ல. பையில போட்டிருக்காரு. அது ஓட்டையில இறங்கிடுச்சு."

"அத்தான் உள்ள இருந்திருக்காரு."

ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"நான் அன்னைக்கும் மறந்து தொலைச்சிருந்தா ரெண்டு வில்லை தொங்கியிருக்கும்க்கா. ரெண்டைப் பாத்திருந்தா மாமா நம்பரைப் பாத்திருப்பாரு. என் வாழ்க்கையில ஒரே ஒரு நாள் ஒழுங்கா இருந்தேன்க்கா. ஒரே ஒரு நாள்."

தம்பி தலையில் கையை வைத்துவிட்டு வந்தாள். திரும்பி நடந்த வழியெல்லாம், கதவிலிருந்து பத்து அடி என்பதே மனசில் ஓடியது. அவர் சொல்லாமல் உள்ளே போனவர் இல்லை. விட்டுவிட்டுப் போனவரும் இல்லை. காலை ஏதோ அழுத்தியிருக்கும், கண் தெரிந்திருக்காது. வில்லை பலகையில் இருக்கிறது, அப்பா ஆள் அனுப்புவார் என்று காத்துக்கிடந்திருக்கிறார். கால் மணி நேரம். வெளியே பெற்ற தகப்பன் காலி என்று சொல்லிவிட்டார். கோபமாக இருந்த வரைக்கும் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது. இப்போது அதுவும் போய், அவள் நடுரோட்டில் வெறுங்கையோடு நின்றாள்.

எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சாயங்காலம் லாண்டரிக்கு வந்தபோது கோட்டுகள் துவைத்து, காய்ந்து, தேய்ப்பு மேசையில் அடுக்கியிருந்தன. ஓட்டை கண்டால் தைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். தையல்காரி மாமனார் கோட்டின் பை ஓட்டையை இரட்டைத் தையலில் மூடியிருந்தாள். வில்லை உள்ளேயே கிடந்தது. எடுக்க வேண்டுமானால் உள்துணியைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் சொல்ல வேண்டும். இவள் கோட்டை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வீட்டில் மாமனார் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நாலு வாய்க்கு ஒரு தரம் இருமல் வந்து கிண்ணம் தளும்பியது. ஏழாவது படிக்கிற மகள் எதிரே நின்று ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கூட்டத்தில் அவள்தான் அதை வாசிக்க வேண்டுமாம். நினைவுக் கல்லில் வெட்டியிருப்பதும் அதே வாசகம்தான். மருந்துக்கடைக்காரர் நல்ல மனசோடு எழுதிக் கொடுத்திருந்தார்.

"'பிறர் உயிரைக் காப்பதற்காக, வில்லை கொடுக்கும் விதியையும் மறந்து நெருப்பில் நுழைந்த வீரர்.' சத்தம் போதுமா தாத்தா?"

"இன்னும் கொஞ்சம் சத்தமா படி. கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்."

மகள் இவள் பக்கம் திரும்பினாள். "அம்மா, விதியை மறந்துன்னா அப்பா தப்பு பண்ணிட்டாருன்னுதானே அர்த்தம்? எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு சொல்றா. உங்கப்பா ரூல்ஸை மதிக்கல, அதான் செத்துட்டாருன்னு."

"அப்படியெல்லாம் இல்ல."

"அப்ப ஏன் வில்லையைக் கொடுக்கல?"

இவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் மாமனார் யாரும் கேட்காமலே சொன்னார், "பலகை காலியாத்தாம்மா இருந்துச்சு."

இந்த ஒரு வருஷத்தில் அதை எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. சாப்பிடும்போது சொல்வார், செருப்பைத் தேடும்போது சொல்வார், தூக்கத்தில்கூடச் சொல்வார். அதைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டுதான் அவர் நடமாடினார். பையில் போட்ட வில்லையை அவர் தேடாமல் இருந்திருக்கமாட்டார். கையை விட்டு விட்டுப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல், மறதியிடம் கொடுத்துவிட்டேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருப்பார். மறதியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு வருஷமாகக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது இவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அவர்மேல் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் வந்த வேகத்திலேயே, எலும்பும் தோலுமாக இருமிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் அடங்கிப்போயிற்று.

"மாமா."

"என்னம்மா?"

சொல்லிவிட்டால் நாளைக்குப் பிள்ளை அந்த வரியைப் படிக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டால் இந்த மனிதர் விடிவதற்குள் போய்விடுவார். மாமனார், புருஷன் என்று ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். அதிலும் ஒருவர் ஏற்கெனவே செத்துவிட்டார்.

"கஞ்சி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள்.

மறுநாள் காலை வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது உள்ளே மாமனார் கோட்டைப் போடும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. இவள் போய் எட்டிப்பார்த்தாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வலது கை பைக்குள் இருந்தது.

"பையைத் தைச்சிருக்காங்க," என்றார்.

"ஆமா மாமா."

"ஓட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா. சின்ன ஓட்டை."

அவர் தலையை ஆட்டினார். கையை வெளியே எடுத்தார். கோட்டின் ஓரத்தை மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். அவர் கை ஓர் இடத்தில் நின்றது. துணிக்கு மேலாக அந்த வட்டத்தைப் பெருவிரலால் அழுத்தினார். தடித்த துணி, நம்பர் விரலுக்குத் தெரியாது. பிறகு இவளை ஏறிட்டுப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை இவள் அதற்கு முன் பார்த்ததில்லை, பிச்சை கேட்கிறவர்கள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"இது மறதியோடதுதானே அம்மா?"

இவள் வாயைத் திறந்தாள். அவர்களைக் கூட்டிப்போக வந்த தம்பி அவளுக்குப் பின்னால் வாசற்படியில் நின்றிருந்தது அவளுக்குத் தெரியாது.

"என்னோடதுதான் மாமா," என்றான் அவன். "எடுக்க மறந்துட்டேன். வழக்கம்போல. உங்ககிட்ட கேக்கவும் மறந்துட்டேன்."

மாமனார் அவனைப் பார்த்தார். "ஒரு வருஷமாவா?"

"என்னைப் பத்தித் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்டா," என்றார் பெரியவர். "உன்னைப் பத்தித் தெரியும். அப்படித்தான் இருக்கும்னு எனக்கும் தெரியும்." நெஞ்சைத் தடவிக்கொண்டார். வெகு நாளைக்குப் பிறகு அவர் மூச்சு இழுப்பில்லாமல் போய் வந்தது. "பலகை காலியாத்தான் இருந்துச்சு. கூட்டம் முடிஞ்சு வந்து பிரிச்சு எடுத்துக்க."

தன் வாழ்க்கையில் ஞாபகமாக இருந்த ஒரே நாளையும் தம்பி அள்ளிக் கொடுத்துவிட்டான். இவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, கன்னத்தில் அறைய வேண்டும்போலவும் இருந்தது. பெரியவர் பிழைத்தார். குழாய்க்காரர் மறுபடியும் விதியை மறந்தவர் ஆனார். இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். செத்தவருக்கு வலிக்காது என்று சொல்லிக்கொண்டாள். அதை அவளே நம்பவில்லை.

கூடத்தில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். தரையைக் கழுவியும் டீசல் வாசனை போகவில்லை. சுவரில் சுருட்டிய குழாய்கள், அவற்றுக்குக் கீழே குழாய்க்காரரின் படம், பக்கத்தில் துணி மூடிய கல். முன்னால் பலகையை நிறுத்தி அதன் அருகே மாமனாரை உட்கார வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பிறகு அவர் பலகையைத் தொடுவது இதுதான் முதல் தரம். நினைவுக் கூட்டத்தில் ஆள் அழைப்பு உண்டு. நம்பரைக் கூப்பிடுவார்கள், அவனவன் வந்து வில்லையைக் கொடுப்பான், பலகைக்காரர் வாங்கி மாட்டுவார். கூட்டம் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டு போவார்கள்.

"ஒண்ணு," என்றார் தலைவர்.

"வாங்கிட்டேன்."

"ரெண்டு."

"வாங்கிட்டேன்." பெரியவரின் குரல் கணீரென்று வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஊர் பஸ் டிரைவர் இவள் பக்கம் குனிந்து, "பெரியவர் இன்னைக்குத் தெம்பா இருக்காரு," என்றார். இவள் தலையாட்டினாள். பதினாறு கூப்பிட்டார்கள். அடுத்து பதினெட்டு. நடுவில் ஓர் ஆணி வெறுமையாக நின்றது. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.

"இருபத்திரண்டு."

மறதி முன்வரிசையிலிருந்து எழுந்து போனான். போகும்போதே கை சட்டைப்பைக்குள் போயிற்று. முந்தின நாள் அக்கா கேட்ட பிறகு பத்திரமாக எடுத்துப் பையில் போட்டிருந்தான். இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து "டேய்" என்று கூப்பிடுவதற்குள் அவன் பலகைக்கு முன்னால் போய்விட்டான். அவன் கை வில்லையோடு வெளியே நீண்டுவிட்டது. பெரியவரின் கையும் நீண்டுவிட்டது.

மறந்துவிட்டான். காலையில் சொன்ன பொய்யை அரை மணி நேரம் ஞாபகம் வைத்திருக்க அவனுக்குத் தெரியவில்லை.

பெரியவர் வில்லையை வாங்கினார். திருப்பி நம்பரைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, கண்ணருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். மறதியின் முகம் வெளிறி, உதடு ஏதோ சொல்ல முயன்றது. ஆளுக்கு ஒரு வில்லைதான். இரண்டாவது வில்லை எந்தக் காலத்திலும் யாருக்கும் கொடுத்ததில்லை. அது அந்தக் கூடத்தில் பலகைக்காரரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

"வாங்கிட்டேன்," என்றார். மூன்றாம் தரத்தில்தான் அதை ஆணியில் மாட்டினார்.

தலைவர் மகளைக் கூப்பிட்டார். அவள் ஒலிபெருக்கிக்கு முன்னால் எக்கி நின்றுகொண்டு, தாத்தா சொன்னபடி கடைசி வரிசைவரை கேட்கப் படித்தாள். "பிறர் உயிரைக் காப்பதற்காக, வில்லை கொடுக்கும் விதியையும் மறந்து..."

"இரும்மா," என்றார் பெரியவர்.

எழுந்து நின்றார். கோட்டின் ஓரத்தை வாயருகே தூக்கித் தையலைப் பல்லால் கடித்தார். பல் போதவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். துணி கிழியும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து, "பெரியவரே, உக்காருங்க. தண்ணி கொண்டு வாங்கப்பா," என்று தோளைப் பிடித்தார். அவர் அந்தக் கையை எடுத்துவிட்டார். வில்லையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெறுமையாக இருந்த ஆணியில் மாட்டினார்.

"பதினேழு," என்றார். "வாங்கிட்டேன்."

கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"வெளிய நின்னு கொடுத்தான். வாங்கிட்டேன்னு சொல்லி மாட்டினேன். நம்பரைப் பாக்காம நான்தான் கழட்டினேன். மறதியோடதுன்னு கழட்டினேன். பலகை காலி இல்ல. நான் காலின்னு சொன்னேன்." இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு பேத்தியைப் பார்த்தார். "உங்கப்பன் ஒரு விதியையும் மறக்கலம்மா. அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு."

மகள் கிழிக்கவில்லை. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். இவள் ஓடிப்போய்ப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது, அதுவும் எல்லார் முன்னாலும். யாரை நினைத்து அழுகிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கல்லைத் திறக்கவில்லை. தலைவர் என்ன சொல்லிக் கூட்டத்தை முடிப்பது என்று தெரியாமல், "எல்லாரும் வில்லையை எடுத்துக்குங்க," என்று மட்டும் சொன்னார். ஒவ்வொருவராக வந்தார்கள். பெரியவர் முகத்தைப் பார்க்காமல் கழற்றினார்கள். ஒன்று, எடுத்துட்டேன். ரெண்டு, எடுத்துட்டேன். மறதி கடைசியாக வந்து, இருபத்திரண்டைத் தடவிப் பார்த்து எடுத்துக்கொண்டு, சத்தமாக, அழுதுகொண்டே "எடுத்துட்டேன் மாமா" என்றான். பெரியவர் சரி என்பதுபோலத் தலையசைத்தார்.

நாற்காலிகளை மடித்து அடுக்கினார்கள். வண்டியைத் திரும்ப உள்ளே விட்டார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பெரியவர் கிழிந்த கோட்டோடு பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி கொடுத்தார்கள், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. கடைசியில் இவள் போய் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"வாங்க மாமா. வீட்டுக்குப் போகலாம்."

அவர் நகரவில்லை. பலகையைக் காட்டினார்.

"எப்படிம்மா வர்றது? ஒண்ணு தொங்குதே. ஆள் உள்ள இருக்கான்."